வருகை, முத்திரை, நியாயத்தீர்ப்பு: கடைசிக் காலத்தைப் பற்றி முதலிலிருந்து

எனக்கு ஒன்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். பின்கட்டில் இல்லை, கிணற்றடியில் இல்லை. முந்தின வாரம்தான் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார், இரண்டு பெண்கள் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள் என்று கையை உயர்த்திக் காட்டியிருந்தார். சரி, இயேசுவின் இரண்டாம் வருகை வந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டு ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த பலரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’ என்று சுவரில் எழுதியிருக்கிறது, ஆட்டோவின் முதுகில் எழுதியிருக்கிறது. அப்படி வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஆதார் அட்டை வந்தபோது அதுதான் வேதபுத்தகத்தில் வரும் மிருகத்தின் எண்ணான 666 என்றார்கள், கொரோனா தடுப்பூசி வந்தபோது அதுதான் அந்த மிருகத்தின் முத்திரை என்றார்கள். வேதபுத்தகம் இதைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது, சபைகள் அதை எப்படியெல்லாம் புரிந்துகொண்டன என்று புதிதாகப் படிக்க வருகிறவருக்குச் சொல்வதற்காக இது.

கடைசி நாட்கள் எப்போது தொடங்கின?

பலருக்கு இந்தக் கேள்வியே வியப்பாக இருக்கும். புதிய ஏற்பாட்டின்படி கடைசி நாட்கள் தொடங்கிக் கிட்டத்தட்ட 2000 வருடம் ஆகிவிட்டது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எருசலேமில் எழுந்து நின்று, கடைசி நாட்களைப் பற்றி யோவேல் தீர்க்கதரிசி சொன்னது இதோ இன்றைக்கு நடக்கிறது என்றார். எபிரெயர் நிருபம் முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே ‘இந்தக் கடைசி நாட்களில்’ என்று தன் காலத்தைச் சொல்கிறது.

பெண்ணுக்குப் பூ வைத்தாயிற்று, கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. நடுவில் இருக்கும் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பேச்சு முடிந்துவிட்டது, அந்த வீட்டுப் பெண் என்றே ஊர் சொல்லும், ஆனால் தாலி ஏறவில்லை. இயேசுவின் உயிர்த்தெழுதலுக்கும் அவர் திரும்பி வருவதற்கும் இடைப்பட்ட முழுக் காலமும் அப்படித்தான். இறையியல் படித்தவர்கள் இதை ‘ஏற்கெனவே, ஆனால் இன்னும் இல்லை’ என்பார்கள்.

யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி எல்லாம் அடையாளம்தானே என்று கேட்கலாம். மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் அவை வருகின்றன. ஆனால் அவற்றைச் சொன்ன கையோடு, முடிவு உடனே வராது, கலங்காதிருங்கள் என்றும் இயேசு சொல்கிறார். போதாததற்கு அந்த அதிகாரம் தொடங்குவதே எருசலேம் தேவாலயத்தைப் பற்றிய பேச்சில்தான். கல்லின்மேல் கல் இராதபடிக்கு அது இடிக்கப்படும் என்கிறார். கி.பி. 70இல் தீத்து என்ற ரோமத் தளபதியின் படை அதை இடித்தது. ஆகவே அந்த அதிகாரத்தில் எந்த வரி அந்த இடிப்பைச் சொல்கிறது, எந்த வரி உலக முடிவைச் சொல்கிறது என்பதில் அறிஞர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. செய்தித்தாளை ஒரு கையிலும் மத்தேயு 24ஐ மறு கையிலும் வைத்துக்கொண்டு பொருத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சூரியன் இலையைச் சுட்டால்

வெளிப்படுத்தின விசேஷம் வேதாகமத்தின் கடைசிப் புத்தகம். கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்பார்கள். ஏழு தலை மிருகம், வலுசர்ப்பம், இரத்தமாய் மாறும் நிலா எல்லாம் இதில்தான்.

நம் ஊர்ப் பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் வருகிறது. மலைக்கு நடுவிலிருந்து எழும் சூரியன், கீழே வாடிப்போன இரட்டை இலை. இரண்டு வினாடியில் நமக்குப் புரிந்துவிடும், தேர்தல் முடிவு. 1900 வருடம் கழித்து வேறொரு நாட்டில் ஒருவர் இதைத் தோண்டி எடுத்தால்? அந்த வருடம் தமிழ்நாட்டில் கடும் வெயில், செடியெல்லாம் கருகிவிட்டது என்று எழுதுவார். சித்திரத்தில் பொய் இல்லை, அவர் அதை வானிலை அறிக்கையாகப் படித்துவிட்டார்.

இப்படிப் படங்களாலும் குறியீடுகளாலும் பேசுகிற யூத, கிறிஸ்தவ எழுத்து வகைக்கு வெளிப்பாட்டு இலக்கியம் என்று பெயர். தானியேல் புத்தகத்தின் பின்பாதியும் அந்த வகைதான். அங்கே நான்கு மிருகங்கள் கடலிலிருந்து ஏறி வருகின்றன, கொஞ்சம் கீழேயே அவை நான்கு ராஜாக்கள் என்று விளக்கமும் இருக்கிறது. ‘வெளிப்பாடு’ என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்குத் திரையை விலக்கிக் காட்டுதல் என்பதுதான் பொருள்.

இந்தப் புத்தகம் ஒரு கடிதமும்கூட. யோவான் என்பவர் பத்மு தீவிலிருந்து எழுதுகிறார். பெறுகிறவர்கள் எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்ற ஏழு ஊர்ச் சபையார். எல்லாம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி, சிமிர்னாதான் இன்றைய இஸ்மீர். டொமிஷியன் பேரரசனாக இருந்த காலத்தில், ஏறக்குறைய கி.பி. 95இல் எழுதப்பட்டது என்பது பெரும்பாலோர் கணிப்பு. பேரரசனைக் கடவுளாகக் கும்பிடச் சொன்ன ஊர்கள் அவை. ‘ஏழு தலைகளும் ஏழு மலைகள்’ என்று 17ஆம் அதிகாரத்தில் படித்ததும் அந்தச் சபையாருக்கு ரோமாபுரி என்று பளிச்சென்று விளங்கியிருக்கும். ரோம் ஏழு குன்றின்மேல் அமைந்த நகரம் என்பது அன்றைக்குக் குழந்தைக்கும் தெரியும்.

ஆகவே முதல் இரண்டு விஷயம்: கடைசி நாட்கள் என்பது நாம் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிற நீண்ட காலம். வெளிப்படுத்தின விசேஷம் முதல் நூற்றாண்டுச் சபைகளுக்கு, அவர்களுக்கு விளங்குகிற படங்களில் எழுதிய கடிதம்.

666: எட்டேகால் லட்சணமே!

எண்ணுக்கு வருவோம். இது புரிய நம்மிடமே நல்ல சாவி ஒன்று இருக்கிறது. பழைய தனிப்பாடல் ஒன்றில் ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஒரு வசை வரும். தமிழ் எண்களில் எட்டு என்றால் ‘அ’, கால் என்றால் ‘வ’. சேர்த்துப் படித்தால் அவலட்சணமே! எழுத்தே எண்ணாகவும் பயன்படுகிற மொழியில் இப்படி மறைத்துத் திட்டலாம்.

எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இதே வசதி உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் வருவது அந்தப் பெயரின் இலக்கம். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், புத்தியுள்ளவன் மிருகத்தின் இலக்கத்தைக் கணக்குப் பார்க்கட்டும், அது ஒரு மனுஷனுடைய இலக்கம் என்கிறது. ‘நேரோன் கேசர்’, அதாவது பேரரசன் நீரோ, என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள்: 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. மொத்தம் 666.

சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666 இல்லை, 616 இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி ‘நேரோ’ என்று எழுதினால் கடைசி எழுத்தின் 50 குறைந்து 616 வரும். இரண்டு எண்ணும் ஒரே ஆளைக் காட்டுவதால்தான் பல அறிஞர்கள் இந்த விளக்கத்தை ஏற்கிறார்கள். நீரோ கி.பி. 68இல் செத்துவிட்டான்தான். ஆனால் அவன் திரும்பி வருவான் என்ற வதந்தி பல வருடம் உலவியது. கிறிஸ்தவர்களை வதைத்தவன் பெயர் ஒரு குறியீடாகவே நின்றுவிட்டது.

சரி, எல்லோரும் நெற்றியிலோ வலது கையிலோ பெறவேண்டும் என்று அதே அதிகாரத்தில் வரும் மிருகத்தின் முத்திரை? நம் ஊரில் நெற்றியைப் பார்த்தாலே திருநீறா நாமமா, யார் எந்தச் சாமிக்கு உரியவர் என்று தெரிந்துவிடும். உபாகமம் 6ஆம் அதிகாரத்தில், கடவுளின் வார்த்தைகளைக் கையில் அடையாளமாகக் கட்டிக்கொள், கண்களுக்கு நடுவே அவை இருக்கட்டும் என்று ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது. கை என்றால் செயல், நெற்றி என்றால் நினைப்பு. மிருகத்தின் முத்திரை அதற்குப் போட்டி: நீ யாருக்கு விசுவாசி என்ற கேள்வி. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவரின், அதாவது இயேசுவின், ஆட்களுக்கும் நெற்றியில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதைப் பச்சை குத்துதல் என்றோ சிப் என்றோ யாரும் சொல்வதில்லை, மிருகத்தின் முத்திரையை மட்டும்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பார்கோடு கதையையும் முடித்துவிடுகிறேன். கடைச் சாமான்களின் பார்கோடில் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களில் நீளமான இரட்டைக் கோடுகள் இருக்கும். ஸ்கேனருக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று காட்டுகிற எல்லைக்கோடுகள் அவை. ஆறு என்ற எண்ணுக்கான கோடும் மெல்லிய இரட்டைக் கோடு மாதிரித் தெரிவதால் மூன்று ஆறு என்று கிளப்பிவிட்டார்கள். எல்லைக்கோட்டுக்கு எண் மதிப்பே கிடையாது.

அந்திக்கிறிஸ்து

தமிழில் நேர்ந்த ஒரு குழப்பம் இது. ‘அந்தி’ என்றதும் நமக்குச் சாயங்காலம், முடிவு என்று தோன்றுகிறது. அந்திக் காலத்தில் வருகிறவன் அந்திக்கிறிஸ்து என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கியே இருக்கிறார். உண்மையில் அது ‘எதிர்’ என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டு, கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் எதிர்க்கிறிஸ்து என்றே இருக்கிறது. இந்தச் சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. யோவானின் முதல் இரண்டு நிருபங்களில்தான் வருகிறது. அங்கேயும், இப்பொழுதே அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள் என்று பன்மையில். கடைசியில் ஒருவன் வருவான் என்ற எதிர்பார்ப்பு அப்போஸ்தலர் பவுலின் கடிதத்தில் ‘பாவமனுஷன்’ என்ற பெயரில் இருக்கிறது. பிற்காலத்தவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து ஒரே ஆளாக்கினார்கள்.

இரகசிய வருகையும் மாப்பிள்ளை அழைப்பும்

என்னைத் திண்ணையில் அழவைத்த விஷயத்துக்கு வந்துவிட்டோம். இயேசு முதலில் யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்வார், அப்புறம் ஏழு வருடம் உபத்திரவ காலம், அதன் பிறகு எல்லோரும் காண வருவார். இந்த வரிசையின் முதல் கட்டத்தைத்தான் இரகசிய வருகை என்கிறார்கள்.

இதற்கு ஆதாரமாகக் காட்டும் முக்கிய வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17. அந்தக் கடிதம் ஏன் வந்தது என்று பாருங்கள். தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோனார்கள். கர்த்தர் வரும்போது அவர்களுக்குப் பங்கில்லாமல் போய்விடுமோ என்று மிச்சமிருந்தவர்களுக்குக் கவலை. பவுல் ஆறுதல் சொல்கிறார்: மரித்தோர் முதலில் எழுந்திருப்பார்கள், பிறகு உயிரோடிருக்கும் நாமும் அவர்களோடே மேகங்கள்மேல் ஆகாயத்தில் கர்த்தரை எதிர்கொண்டு போவோம். ஆரவாரம், பிரதான தூதனின் சத்தம், எக்காளம் எல்லாம் அந்தக் காட்சியில் இருக்கின்றன. இரகசியத்துக்கு இத்தனை சத்தம் ஆகாது.

‘எதிர்கொண்டு போக’ என்பதுதான் சூட்சுமமான சொல். மாப்பிள்ளை அழைப்பில் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை ஊர் எல்லைக்கோ கோயிலுக்கோ வந்துவிட்டார் என்றதும் பெண் வீட்டார் மேளதாளத்தோடு எதிரே போகிறார்கள். போய், அவரோடு அவர் ஊருக்குக் கிளம்பிவிடுவதில்லை, அவரை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்புகிறார்கள். கிரேக்கச் சொல்லும் அப்படிப்பட்ட வரவேற்புக்கு வழங்கியதுதான். அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில் பவுல் ரோமுக்குக் கைதியாக வரும்போது, அங்கிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள் என்று வருமே, அதே சொல். பிறகு எல்லோருமாக ரோமுக்குத்தான் போனார்கள்.

இரண்டு கட்ட வருகை என்ற வரிசை 1830களில் உருவாகிப் பரவியது. பிரதரன் சபைகளின் தொடக்ககாலத் தலைவர் ஜான் நெல்சன் டார்பி அதற்கு முக்கியக் காரணம். 1909இல் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கர் வசனங்களுக்குக் கீழே இந்த விளக்கத்தைக் குறிப்பாக அச்சிட்டு ஒரு வேதாகமம் வெளியிட்டார். அடிக்குறிப்பையும் வசனத்தையும் ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. நமக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. டார்பியின் வட்டத்திலிருந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் அவரோடு உழைத்தவர். எல்லாம் அவர்கள் மூலமாகத்தான் வந்தது என்று சொல்லவில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் இரகசிய வருகையை அதிகம் பிரசங்கிப்பவை பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள். நேர்மையாக நம்புகிறார்கள், அவர்களிடம் வேறு வசனங்களும் உண்டு. கத்தோலிக்கரும், லுத்தரன், சி.எஸ்.ஐ. மரபினரில் பெரும்பாலோரும் வருகை ஒன்றே என்று கொள்கிறார்கள்.

அந்த மாவரைக்கும் பெண்கள்? அதற்கு முந்தின வசனங்களில் நோவா காலம் பேசப்படுகிறது. வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது கெட்டவர்களை, வீட்டோடு மிச்சமிருந்தவன் நோவா. அந்த ஒப்புமைப்படி பார்த்தால் எடுக்கப்படுகிறவள் நல்லவளா, விடப்படுகிறவள் நல்லவளா என்பதே விவாதம். ஒன்பது வயதில் இதை யாராவது சொல்லியிருந்தால் உலையை இறக்கிவைத்துவிட்டு விளையாடப் போயிருப்பேன்.

ஆயிர வருடம் பற்றி இரண்டு வரி

கிறிஸ்து ஆயிரம் வருடம் அரசாளுவார் என்பது வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் மட்டும் வருகிறது. அது வருகைக்குப் பிறகு பூமியில் நடக்கும் ஆட்சி என்பது ஒரு கட்சி. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் என்ற ஆயர் அதை இப்போதைய சபையின் காலத்துக்கான உருவகம் என்று படித்தார், அது இன்னொரு கட்சி. உலகம் மெல்லத் திருந்தி, அந்தப் பொற்காலத்தின் முடிவில் கிறிஸ்து வருவார் என்போர் மூன்றாவது. தொடக்கத்தில் இதற்கு மேல் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

இதுவரை பார்த்ததில் சபைகள் பிரிவது வரிசையில்தான். கிறிஸ்து திரும்ப வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு என்ற மூன்றிலும் எல்லாச் சபைகளும் ஒன்று. பல சபைகளில் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன.

வாய்தா எத்தனை நாளைக்கு?

நியாயத்தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறோம். பிரசங்கங்களும் அப்படித்தான் நிறுத்துகின்றன. ஆனால் கோர்ட்டில் இன்னொருவரும் இருக்கிறார், வழக்குப் போட்டவர்.

என் பெரியம்மா ஒருவருக்கு வரப்புத் தகராறு. பக்கத்து நிலத்துக்காரர் ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சாண் தள்ளிக்கொண்டே வந்தார். பெரியம்மா மஞ்சப்பையில் பட்டாவையும் கிரயப் பத்திரத்தையும் சுருட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் முன்சீப் கோர்ட்டுக்குப் போவார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஒரே சொல்தான் சொல்வார்: “வாய்தா.” பதினோரு வருடம். அவரிடம் போய், பெரியம்மா, ஒருநாள் தீர்ப்பு வரப்போகிறது, பயப்படுங்கள் என்றால் சிரித்திருப்பார். அந்த நாளுக்காகத்தானே அவர் பஸ் ஏறினார்.

வேதாகமத்தில் தீர்ப்பைப் பற்றிய குரல்களில் பாதி இந்தக் குரல்தான். லூக்கா 18இல் ஒரு விதவை, மனுஷரை மதியாத நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் எனக்கு நியாயம் செய்யும் என்று நச்சரிக்கிறாள். வெளிப்படுத்தின விசேஷம் 6இல் கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து ‘எதுவரைக்கும்?’ என்று சத்தமிடுகிறார்கள். வாய்தா எதுவரைக்கும் என்று அர்த்தம். 96ஆம் சங்கீதத்தில் காட்டு மரங்கள்கூடக் கெம்பீரிக்கின்றன, காரணம், அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார்! தீர்ப்பு வரும் என்று மரங்கள் ஏன் ஆடவேண்டும் என்று யோசித்தால், எபிரெயரின் மனதில் நியாயந்தீர்ப்பது என்றால் கோணலை நிமிர்த்துவது என்று தெரியும். பழைய கத்தோலிக்கத் தமிழில் நியாயத்தீர்ப்புக்கு நடுத்தீர்வை என்று பெயர். நடு என்றால் நடுநிலை. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.

விசாரணை எப்படி நடக்கிறது? இரண்டு பெரிய காட்சிகள் இருக்கின்றன. ஒன்று மத்தேயு 25. மேய்ப்பன் செம்மறியாடுகளை வலதுபக்கமும் வெள்ளாடுகளை இடதுபக்கமும் பிரிக்கிறார். பகலெல்லாம் ஒன்றாக மேய்ந்தவைதான், பட்டியில் அடைக்கும் நேரத்தில் பிரிகின்றன. கேட்கப்படுபவை: பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், உடுப்பு இல்லாதவனுக்கு உடை, நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்த்தது. இதில் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துவது, இரண்டு பக்கத்தாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்போது அப்படிக் கண்டோம்? கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை, கொடுக்காதவர்களுக்கும் தெரியவில்லை.

இன்னொரு காட்சி வெளிப்படுத்தின விசேஷம் 20இல், பெரிய வெள்ளைச் சிங்காசனம். புத்தகங்கள் திறக்கப்படுகின்றன. சித்திரகுப்தன் கணக்குத்தானே என்று நமக்குத் தோன்றும், செயல்களின் கணக்கு இருக்கிறதும்தான். ஆனால் கூடவே ஜீவபுஸ்தகம் என்று தனியாக ஒன்று திறக்கப்படுகிறது. அதில் இருப்பவை பெயர்கள். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருப்பது அது சம்பாதித்துக் கொடுத்ததால் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை என்பதால். கிருபை என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இந்த இரண்டாவது புத்தகத்தை. அப்படியானால் முதல் புத்தகம் எதற்கு என்று புராட்டஸ்டன்டுகளும் கத்தோலிக்கரும் 500 வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர் இறந்ததும் நடக்கும் தனித்தீர்வை, உலக முடிவில் பொதுத்தீர்வை என்று இரண்டாகவும் பிரிப்பார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு? எல்லோரும் மேலே போய் மேகத்தில் உட்காருவதாக ஒரு நினைப்பு. 21ஆம் அதிகாரத்தில் நடப்பது தலைகீழ். புதிய எருசலேம் என்ற நகரம் கீழே இறங்கி வருகிறது. மாப்பிள்ளை மண்டபத்துக்கே வருகிறார்.

எப்போது?

பிதா ஒருவரைத் தவிர அந்த நாளையும் நாழிகையையும் யாரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்லியும் தேதி குறிக்கிறவர்கள் ஓயவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதி காத்திருந்தார்கள். திருவிதாங்கூரில், பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பின் கூட்டத்தார் 1881 என்று நம்பினார்கள். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28. அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், வராமல் போனதும் அக்டோபருக்குத் தள்ளினார். அதுவும் வாய்தாதான்.

தெசலோனிக்கே சபையிலும் இந்தச் சூடு பிடித்திருந்தது. கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று ஒரு பேச்சு. சிலர் வேலைவெட்டி இல்லாமல் வம்பளந்துகொண்டிருந்தார்கள். பவுல் இரண்டாம் கடிதத்தில் அவர்களுக்குக் கால அட்டவணை ஏதும் அனுப்பவில்லை. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று எழுதிவிட்டு, கடைசியில் தன் கையாலேயே வாழ்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரில் வேறு கடிதம் வந்தால் இந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஒரு குறிப்பும் வைத்தார். போலி ஃபார்வர்டு அப்போதே இருந்திருக்கிறது.